பரமலிங்கத்தாரின் சீலிங்

இணுவிலில் கனகாம்பிகை வீட்டுக் குசினிச் சீலிங்கைத் திருத்த வேண்டி வந்ததற்குக் காரணம், அவளுடைய கணவர் பரமலிங்கம் பல வருடங்களாக மிதந்துகொண்டு அதில் முதுகைத் தேய்த்ததுதான். பழைய காலத்துச் சீலிங் அது. பனஞ்சலாகை அடித்து, அதற்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி, வெள்ளை அடித்தது. தோட்டம் கொத்தி உரமேறிய ஒரு முதுகு இரவும் பகலும் பட்டுக்கொண்டிருந்தால் எந்தச் சாந்துதான் தாங்கும்? முதலில் தோள்மூட்டுப் பட்ட இடம் பொரிந்தது. பிறகு இடுப்பு, அதன் பிறகு குதிக்கால். கடைசியில் ஒரு ஆள் படுக்கக்கூடிய குழி விழுந்து, சாந்து கட்டி கட்டியாகக் கழன்று பருப்புச் சட்டிக்குள் விழத் தொடங்கியது. மூன்று நேரமும் சோற்றில் சுண்ணாம்பு பொறுக்கிச் சாப்பிட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும். ஆனால் கனகாம்பிகை பொறுத்தாள். சீலிங்கைக் கழற்றினால் மனிதரை எங்கே விடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவர் மிதக்கத் தொடங்கியது ஒரே நாளில் நடந்த சங்கதி இல்லை. மகன் கஜானன் கனடாவுக்குப் போன வருடம், சின்ன வெங்காயம் விலை விழுந்து ஆட்கள் கிண்டாமலே பாத்தியோடு உழுதுவிட்ட அந்த வருடம், பரமலிங்கம் ஈரப் பாத்தியில் நடந்தால் கால்தடம் பதியாமல் போனது. பயிர் மிதிபடாது, நல்லதுதானே என்று அயல் தோட்டக்காரர்கள் சொன்னார்கள். மகள் துஷாந்தினி கலியாணம் கட்டி லண்டனுக்குப் போன பிறகு நிலைமை கொஞ்சம் முற்றியது. காற்றடித்தால் அவரும் சைக்கிளுமாக மதிலோடு போய் ஒட்டிக்கொள்வார். உடுத்த சாரத்தின் மடியில் தராசுப் படிக்கற்களைக் கட்டிக்கொண்டுதான் மருதனார்மடம் சந்தைக்குப் போய் வந்தார். பெரியாஸ்பத்திரியில் இரத்தம் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள் என்று விற்றமின் குளிசை கொடுத்தார்கள். சாப்பிடத்தான் செய்தார். ஒரு காலையில் பிட்டும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும்பியவர், எழும்பிக்கொண்டே போனார். சீலிங்கில் முதுகு முட்டிய பிறகுதான் நின்றார். கை கழுவாமல் மேலே போனது கனகாம்பிகைக்குப் பெரிய மனக்குறை. ஒரு ஈரத் துணியைக் கொக்கத்தடியில் சுற்றி மேலே நீட்டினாள்.

அதன் பிறகு அந்தக் கொக்கத்தடிதான் அவருக்கு எல்லாம். மாங்காய் ஆய்கிற அதே தடியில் சோற்றுக் கோப்பையைக் கொழுவி நீட்டுவாள். அவர் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கோப்பையைத் திரும்பக் கொழுவுவார். தேத்தண்ணிக்கு, பெற்றோல் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய ஒரு நீளக் குழாய் உதவியது. ஊர் சில மாதங்கள் வந்து வந்து பார்த்தது. பிறகு நெல்லியடியில் யாரோ ஒருவருடைய கிணற்றில் பால் ஊறுகிறது என்று கேள்விப்பட்டு அங்கே போய்விட்டது. பிள்ளைகள் கிழமைக்கு ஒருமுறை வீடியோவில் வருவார்கள், கனகாம்பிகை போனை மேலே திருப்பிப் பிடிப்பாள், அப்பா, சுகமாய் இருக்கிறியளோ என்று கேட்பார்கள், அவர் தலையாட்டுவார்.

முதலில் இரண்டு பேரும் கதைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாள் போகப் போக அவருடைய பேச்சு உப்புப் போதும், உறைப்புக் கூட என்கிற அளவுக்குக் குறைந்து, அதுவும் நின்றுபோனது. மனிதருக்குத் தன்னோடு கதைக்க விருப்பமில்லை என்று கனகாம்பிகை நினைத்தாள். தன்மேல் ஏதோ கோபம், பிள்ளைகளைப் போகச் சொல்லி நெருக்கியது தான்தானே, அதுதான் காரணம் என்று நினைத்தாள். நினைத்து நினைத்து அவளும் மேலே பார்ப்பதைக் குறைத்தாள். ஒரே குசினிக்குள் ஒருவர் மேலேயும் ஒருவர் கீழேயுமாக, அடுத்தடுத்த ஊரில் இருப்பவர்களைப் போல இருந்தார்கள். தனியே இருந்து சாப்பிடுகிற சோற்றைச் சில நாட்களில் தண்ணீரைக் குடித்து இறக்குவாள்.

அப்படி இருக்கும்போதுதான், வருகிற ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வரப்போவதாகத் துஷாந்தினி சொன்னாள். கனகாம்பிகைக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற ஆட்கள் எந்த அறையில் படுப்பது, பேரப்பிள்ளைகளுக்கு இடியப்பம் பிடிக்குமா என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தவளிடம் மகள் குசினிப் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, பிள்ளையள் உந்தக் குசினியைக் கண்டா வாயிலை ஒண்டும் வைக்காதுகள். உந்தச் சீலிங்கை முழுக்கக் கழட்டிப்போட்டு ஜிப்சம் பலகை அடியுங்கோ. அடுப்படியையும் உடைச்சு ரைல்ஸ் பதியுங்கோ. காசு நாங்கள் அனுப்பிறம்."

"கொப்பாவை எங்கையடி விடுறது?"

"பக்கத்து அறையிலை விடுங்கோவன். கொஞ்ச நாள்தானே."

பக்கத்து அறை என்று சொல்ல லண்டனில் இருந்து இலேசு. அந்த வீட்டில் குசினிக்கு மட்டும்தான் சீலிங். மற்ற அறைகளுக்கெல்லாம் வெறும் ஓடு. ஒருமுறை மாறிப் பார்ப்போம் என்று அவரை முன் அறைக்குள் இழுத்து விட்டபோது, அவருடைய தோள் பட்டு இரண்டு வரி ஓடு விலகி, தலை வெளியே போய்விட்டது. செல்வநாயகி அக்கா, பக்கத்து வளவுக்காரி, ஓடிவந்து காலைப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கே மனிதர் போயிருப்பார். ஆகவே சீலிங் இருந்தால்தான் பரமலிங்கம் இருப்பார். கனகாம்பிகைக்கு இருந்த ஒரே பயம் அதுதான். கதைக்காத மனிதர் என்றாலும் மேலே ஒரு மூச்சுச் சத்தம் கேட்கிறதே.

மேசன் தேவராசாதான் வழி சொன்னவர். ஆள் வந்து நிமிர்ந்து பார்த்தார். "அண்ணை, சுகமோ?" என்று கேட்டார். சாந்தைத் தட்டிப் பார்த்தார். "அக்கா, வேலை முடியுமட்டும் அண்ணையை வெளியிலை கட்டி விடுவம். கிணத்துக் கயிறு புதுசுதானே? அது காணும்." இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, மாட்டைக் கட்டுவதில்லையா என்கிற மாதிரி அவர் சொன்னது கனகாம்பிகைக்குக் கொஞ்சம் தைரியத்தைத் தந்தது. ஒரு நல்ல நாள் பார்த்து, பரமலிங்கத்தின் இடுப்பில் துவாயைச் சுற்றி, அதற்கு மேல் கயிற்றைப் போட்டு, மறு முனையைக் கிணற்றடித் தூணில் அவளே கட்டினாள். அவள் கட்டிய முடிச்சைத் தேவராசாவும் இழுத்துப் பார்த்தார். வெளிநாட்டுக் காசில் நடக்கிற வேலை என்றால் ஊர்க்கண் சும்மா விடாது என்று, வேலை நடக்கிற எல்லா வீட்டுக்கும் கட்டுகிற மாதிரி, வைக்கோல் அடைத்துக் காற்சட்டை போட்ட ஒரு வெருளியையும் வாசல் வேம்பில் தொங்கவிட்டார். அதன் பிறகுதான் சீலிங்கில் கை வைத்தார்கள். அந்தக் குழி விழுந்த சாந்தைப் பெயர்க்கும்போது, தோளும் இடுப்பும் குதிக்காலும் பதிந்த ஒரு துண்டு உடையாமல் முழுசாக வந்தது. கனகாம்பிகை அதை எறிய விடவில்லை. வெறுமையாய்க் கிடந்த பழைய மாட்டுக் கொட்டிலில் சாத்தி வைத்தாள்.

தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று வீசுகிற காலம். பரமலிங்கம் கிணற்றடிக்கு மேலே, தென்னை வட்டு உயரத்தில், கொஞ்சம் வடகிழக்காகச் சாய்ந்து நின்றார். இத்தனை வருடங்களுக்குப் பிறகு முகத்தில் வெயில் பட்டதும் மனிதருக்கு வாய் திறந்துகொண்டது.

"இஞ்சேரும், கயித்தை இன்னும் கொஞ்சம் விடும்."

கனகாம்பிகை திடுக்கிட்டுப் போனாள். குரலே மறந்துபோயிருந்தது. பயந்து பயந்து ஒரு முழம் விட்டாள். பிறகு இன்னொரு முழம் கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். அவர் உயர உயரச் சத்தம் போட்டுத்தான் கதைக்க வேண்டியிருந்தது. ஆகவே அந்த நாட்களில் புருசன் பெண்சாதி கதைத்ததெல்லாம் இணுவில் முழுக்கக் கேட்டது. மருதனார்மடத்து ஆஞ்சநேயர் தெரிகிறார் என்றார். பலாலியில் பிளேன் இறங்குகிறது, உள்ளே இருக்கிற ஆட்கள் தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்றார். அதற்கு அடுத்த நாள் கீரிமலைக் கடல் தெரிந்தது.

"கனகம், கேணியும் தெரியுது. கலியாணம் முடிச்ச புதுசிலை குளிக்கப் போய் உம்மடை செருப்புக் களவு போனது ஞாபகம் இருக்கே?"

"ஏன் இல்லை? நீங்கள் உங்கடையைத் தந்துபோட்டு வெறுங்காலோடை தார் றோட்டிலை துள்ளித் துள்ளி வந்தனியள்."

மதிலுக்கு அந்தப் பக்கம் செல்வநாயகி அக்கா சிரிப்பது கேட்டது. கனகாம்பிகைக்கு வெட்கமும் சந்தோசமும் ஒன்றாக வந்தன. அன்றைக்குச் சாப்பாட்டுக் கோப்பையைக் கயிற்றில் ஏற்றி அனுப்பிவிட்டு, தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் வந்து இருந்தாள். நெஞ்சுக்குள் கிடந்ததைக் கேட்டாள்.

"இவ்வளவு காலமும் ஏன் என்னோடை கதைக்கேல்லை?"

"கதைச்சா நீர் நிமிந்து பாப்பீர். உமக்குக் கழுத்து நோகும். ஒருக்கா நோவெண்ணை பூசிக்கொண்டு இருந்தனீர். அதுக்குப் பிறகு விட்டிட்டன்."

"நான் கோபமெண்டெல்லோ நினைச்சன்."

"நீர் தனியச் சாப்பிடேக்கை நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான், கனகம். ஒரு நாளும் கண்ணை எடுக்கேல்லை. உம்மடை உச்சியிலை நரை விழுந்ததும் எனக்குத்தான் முதல் தெரியும்."

கனகாம்பிகை கோப்பையை வைத்துவிட்டு அழுதாள். யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று அழுதாள். மேலேயிருந்து இரண்டு துளி அவள் கையில் விழுந்தது. வானத்தில் முகில் ஒன்றும் இருக்கவில்லை.

குசினி வேலை முடிந்தது. புதுச் சீலிங் முட்டைக்கோது மாதிரி வழுவழுவென்று இருந்தது; முதுகுக்கு இதமாக இருக்கும் என்று தேவராசா சொன்னார். பெயின்ற் மட்டும் மிச்சம். அன்றைக்குப் பின்னேரமே கனகாம்பிகை கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். மனிதர் முருங்கை உயரத்துக்கு இறங்கி வந்ததும் கேட்டார்.

"நாளைக்கு இழும். இண்டைக்குக் காத்து நல்லாக் கிடக்கு."

புதுக் குசினிக்குள் பால் காய்ச்ச முதல் ஆளைக் கொண்டுபோவதும் சரியில்லைத்தானே. காலையில் நல்ல நேரத்துக்குப் பால் காய்ச்சிவிட்டு, அவரை உள்ளே எடுத்து, பொங்கின பாலில் முதல் மடக்கை அவருக்குக் கொடுக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். சரி என்று இழுத்த கயிற்றை மறுபடி விட்டாள். பாவம், அந்த ஒரு சொல்லை அவள் பிறகு எத்தனை தரம் நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள் என்பது செல்வநாயகி அக்காவுக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலை அவள் பாலும் கதலிப்பழமும் வெற்றிலையும் வாங்க மருதனார்மடம் சந்தைக்குப் போனாள். தேவராசா சுன்னாகத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். பெயின்ற் அடிக்க அவர் அனுப்பிய ஜெறோம் என்பவர் குருநகரில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். அந்த வீட்டுக்கு முதல்முறை வருகிற ஆள், வேலையில் மகா சுத்தம். சீலிங்குக்குக் கடைசிப் பூச்சு அடித்துவிட்டுத் தேவராசாவுக்குப் போன் எடுத்து, இனி என்ன செய்ய என்று கேட்டார். வேலை முடிந்தால் வெருளியை அறுத்துவிட்டுப் போ என்றார் தேவராசா. முடிந்த வீட்டில் வெருளி தொங்கக் கூடாது; அது எல்லாருக்கும் தெரிந்த வழமை. ஆனால் வாசல் வேம்பில் தொங்கிய வெருளியின் வைக்கோலை முதல் நாளே செல்வநாயகி அக்காவின் பசு தின்று முடித்திருந்தது. காற்சட்டை எங்கே போனது என்று யாரும் பார்க்கவில்லை. ஜெறோம் வளவைச் சுற்றி வந்து பார்த்தார். கிணற்றடியில் ஒரு கயிறு. அதன் முனையில், தென்னைக்கும் மேலே, முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு, கையையும் காலையும் தொங்கவிட்டபடி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. பரமலிங்கம் வெயிலுக்கு முகத்தை மூடிக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டிருந்தார்.

கனகாம்பிகை சந்தைப் பையோடு படலையைத் திறந்தபோது ஜெறோம் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, வேலை முடிஞ்சுது. வெருளியையும் அறுத்து விட்டிட்டன். நல்ல காத்து, சரசரவெண்டு மேலை போட்டுது."

அவள் வேம்பைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்கு ஓடினாள். தூணில் ஒரு முழக் கயிறு மிஞ்சியிருந்தது. அவள் கட்டிய முடிச்சு அப்படியே இருந்தது. வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வடகிழக்கே ஒரு புள்ளி தெரிந்த மாதிரியும் இருந்தது, பருந்து மாதிரியும் இருந்தது. "இஞ்சேருங்கோ!" என்று அவள் கத்திய சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. பதில் வந்ததாக யாரும் சொல்லவில்லை. நடந்ததை விளங்கிக்கொண்ட ஜெறோம், "ஐயோ மாதாவே" என்று மண்ணில் இருந்துவிட்டார். அந்த மனிதனை என்ன சொல்லி ஏசுவது? கனகாம்பிகை ஏசவில்லை. எப்படியும் வாங்கி வந்த பால் பழுதாகிவிடும் என்று புதுக் குசினிக்குள் போய் அதைக் காய்ச்சினாள். பால் பொங்கி வடகிழக்குப் பக்கமாகச் சரிந்தது. நல்ல சகுனம் என்று செல்வநாயகி அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

மயிலிட்டிப் பக்கம் வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் அன்று மத்தியானம் அவரைக் கண்டிருக்கிறார்கள். இடுப்பில் கயிறு தொங்க, துவாயைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி போனாராம். கையைக் காட்டினாராம். அவர்களும் காட்டினார்களாம். அதற்குப் பிறகு தகவல் இல்லை. செத்தவர்களுக்குக் கீரிமலையில் செய்கிற அந்தியேட்டியைச் செய்வதா என்று ஐயரைக் கேட்டபோது, மேலே போன எல்லாரும் செத்தவர்கள் என்று சொல்ல முடியாது, கீரிமலைக்கு இப்போது அவசரம் இல்லை என்றார். அதனால் கனகாம்பிகை பொட்டை அழிக்கவில்லை. துஷாந்தினி போனில் விக்கி விக்கி அழுதாள். இப்போது அந்த வீட்டுக்கு வந்தால் மனம் தாங்காது, பிள்ளைகளும் பயப்படுவார்கள், அடுத்த வருசம் பார்ப்போம் என்றாள். கஜானன் குசினியைக் காட்டச் சொன்னான். கனகாம்பிகை பழக்கதோசத்தில் போனை மேலே திருப்பினாள். நல்ல சீலிங், நல்ல வெள்ளை என்று அவன் சொன்னான்.

அந்த வெள்ளையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. முன்பு பார்க்காமல் விட்டதற்கெல்லாம் சேர்த்து இப்போது எந்த நேரமும் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை, ஒரு பல்லிகூட இல்லை. கழுத்து நோகத்தான் செய்தது. கொக்கத்தடி மூலையில் கிடந்தது. ஒரு சுண்டு அரிசி போட்ட பானையில் அரைச் சுண்டு போட்டாள், அதிலும் பாதி செல்வநாயகி அக்காவின் பசுவுக்குப் போனது. மாரி பெய்து ஓய்ந்து, தை பிறந்து, புகையிலை வெட்டுகிற காலம் வந்தது. ஒரு நாள் குசினி துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஈர ரைல்ஸில் தன் கால்தடம் ஒன்றையும் காணவில்லை.

அவள் கலவரப்படவில்லை. தேவராசாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அந்த மனிதர் அன்றையில் இருந்து அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் திரிந்தவர். வந்து வாசலிலேயே நின்றார்.

"சீலிங்கிலை ஒரு வாசல் வெட்டவேணும், தேவராசா. மேலை ஓடுகளையும் அவ்வளவுக்கு எடுத்து, திறந்து மூட ஒரு தகரம் போட்டு விடும்."

"புகை போகவோ அக்கா?" என்று கேட்டவருக்கு, அந்தக் குசினியில் இருப்பது காஸ் அடுப்பு என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். அவளுடைய பாதத்துக்கும் ரைல்ஸுக்கும் இடையில் ஒரு வெற்றிலை போகும்போல இருந்தது. "எவ்வளவு அகலம் வைக்க?"

"என்ரை தோள் அகலம் காணும்."

அவர் அளவுநாடாவை எடுத்து அவளுடைய தோளை அளந்தார். பிறகு புது ஜிப்சத்தைச் சதுரமாக வெட்டி, விளிம்பு முதுகில் கீறாமல் இருக்கத் தேய்த்து மெழுகி, நேர்த்தியாகச் செய்து கொடுத்தார்.

கனகாம்பிகை இப்போதும் இணுவிலில்தான் இருக்கிறாள். மடியில் அவருடைய பழைய படிக்கற்களைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் வருகிறாள். வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மேலே இருந்துதான் தேத்தண்ணி நீட்டுவாள். வாங்கிக் குடித்துவிட்டுச் சீனி கூட என்றோ குறைவு என்றோ சொல்வார்கள். செல்வநாயகி அக்கா பின்னேரம் வந்தால் முதலில் கனகாம்பிகையின் சேலைத் தலைப்பை ஆட்டுக்கல்லில் முடிந்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குவாள். சீலிங் வாசலுக்குக் கீழே ஒரு சின்னப் பை தொங்குகிறது. அதற்குள் ஒரு சுடுதண்ணிப் போத்தலும் அந்த நீளக் குழாயும் ஒரு சோடி ஆண் செருப்பும் இருக்கின்றன.

"எடி கனகம், அந்தாள் எந்தத் திசையிலை நிக்குதோ ஆருக்குத் தெரியும்? நீ போற இடமும் அவர் போன இடமும் ஒண்டாய் இருக்குமே?" என்று போன கிழமை செல்வநாயகி அக்கா கேட்டாள்.

"அதே காத்துத்தானேயக்கா" என்றாள் கனகாம்பிகை.

சோளகம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. வெங்காயம் இந்த முறை பரவாயில்லாத விலைக்குப் போகிறது.